பிளாக் செய்வதற்கு முன் செய்ய வேண்டியவை

சென்ற ஆண்டு என் சித்தி மகள், இன்ஸ்டாகிராமில் முன்பின் தெரியாத ஒருவன் மூன்று வாரமாகக் கொடுத்த தொல்லையைப் பொறுக்க முடியாமல், ஒரு நள்ளிரவில் அவனைப் பிளாக் செய்து, உரையாடல் முழுவதையும் அழித்துவிட்டுத் தூங்கப் போனாள். மறுவாரம் அவளுடைய படத்தையே முகப்பில் வைத்து வேறொரு கணக்கு முளைத்து, அவளுடைய தோழிகளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியபோதுதான் நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனோம். புகாரை எழுத உட்கார்ந்தவர் முதலில் கேட்டது, "அந்தப் பழைய ஐ.டி. என்னம்மா?" என்பதுதான். பெயரில் ஓர் அடிக்கோடும் இரண்டு எண்களும் இருந்தன என்பது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. அடிக்கோடு பெயருக்கு முன்னாலா பின்னாலா என்பது நினைவில்லை. பிளாக் செய்தவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். அதற்குள் அவன் அந்தக் கணக்கையே நீக்கியிருந்ததால் அதிலும் ஒன்றும் இல்லை.

சமூக ஊடகத்தில் ஒருவரை விலக்குவதற்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. நடந்ததைப் பதிவு செய்து வைப்பது முதல் வேலை, நிறுவனத்திடம் புகார் அளிப்பது இரண்டாவது, பிளாக் செய்வது மூன்றாவது. அருவருப்பிலும் பயத்திலும் நாம் பெரும்பாலும் மூன்றாவதை முதலில் செய்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் வழியில்லாமல் ஆக்கிக்கொள்கிறோம். இந்த வரிசையைக் காப்பாற்றப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையே முதலில் விரிவாகச் சொல்கிறேன்.

சான்றைச் சேர்ப்பது

அசிங்கமான வாக்கியம் மட்டும் தெரியும்படி வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட், என்ன சொல்லப்பட்டது என்பதைக் காட்டுமே தவிர, யார், எப்போது, எந்தக் கணக்கிலிருந்து சொன்னார் என்பதைக் காட்டாது. ஆகவே செய்தி, அதன் தேதி, நேரம், மேலே தெரியும் பயனர் பெயர் ஆகிய எல்லாமும் ஒரே படத்தில் வரும்படி, எதையும் வெட்டாமலும் வட்டமிடாமலும் எடுக்க வேண்டும். அடுத்ததாக அந்த நபரின் பக்கத்தைத் திறந்து அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைவிட நல்ல வழி, திரையைக் காணொளியாகப் பதிவு செய்யும் வசதியை இயக்கிவிட்டு, அவருடைய பக்கத்தில் தொடங்கி, அங்கிருந்து உரையாடலுக்குள் சென்று, முதல் செய்தியிலிருந்து கடைசிச் செய்தி வரை மெதுவாக உருட்டிக் காட்டுவது. இந்தக் கணக்கும் இந்தச் செய்திகளும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பது அந்தக் காணொளியில் ஐயமின்றித் தெரியும்.

படங்களைவிட முக்கியமானது லிங்க். திரையில் தெரியும் பெயரை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பயனர் பெயரையும் மாற்றலாம். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அந்த நபரின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், பக்கத்தின் லிங்க்கை நகலெடுக்கும் வசதி வரும். அதை எடுத்து, தேதியோடு ஒரு குறிப்பில் ஒட்டி வையுங்கள். தனிப் பயனர் பெயர் வைத்துக்கொள்ளாத பேஸ்புக் கணக்குகளின் லிங்க்கில் ஒரு நீண்ட எண் இருக்கும். அந்தக் கணக்கு நாளை ரோஜாப்பூப் படமும் வேறு பெயரும் வைத்துக்கொண்டாலும் அந்த எண் மாறாது. இன்ஸ்டாகிராமில் அதே மூன்று புள்ளிகளுக்குள் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதியைத் திறந்தால், கணக்கு எந்த மாதம் தொடங்கப்பட்டது, இதற்கு முன் எத்தனை முறை பயனர் பெயர் மாற்றப்பட்டது போன்ற விவரங்கள் பல கணக்குகளுக்குக் கிடைக்கும். போன மாதம் தொடங்கப்பட்டு நான்கு முறை பெயர் மாற்றிய கணக்கு எப்படிப்பட்டது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் பெயரை விட்டுவிட்டு, நாட்டுக் குறியீட்டோடு முழு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை மட்டுமே பார்க்கக்கூடியதாக அனுப்பப்படும் படங்களில் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப் அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. இன்ஸ்டாகிராமிலோ மறையும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் உள்ள இன்னொரு கைபேசியால் திரையைப் படம் பிடிப்பதுதான் எளிய வழி. ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆபாசப் படம் வந்தால் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம். அதைச் சேமிப்பதும், ஆலோசனை கேட்கிறேன் என்று குடும்பக் குழுவில் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்படி உங்களையே சிக்கலில் மாட்டும். எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு, நேராக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் துறைக்கோ சொல்லுங்கள்.

பிளாக் செய்வதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பலரும் இதைச் செய்வதில்லை. தெளிவான ஒரே வாக்கியத்தில் மறுப்பு அனுப்புங்கள்: "உங்களோடு பேச எனக்கு விருப்பமில்லை, இனி எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்." இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாக உணர்த்திய பிறகும் ஓர் ஆண் மீண்டும் மீண்டும் அவளைத் தொடர்பு கொள்வதைப் பின்தொடர்தல் என்ற குற்றமாக வரையறுக்கிறது. முதல் முறைக்கு 3 ஆண்டு வரையும், அடுத்த முறைக்கு 5 ஆண்டு வரையும் சிறைத் தண்டனை உண்டு. அந்த ஒரு வாக்கியமும், அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று செய்திகளும் ஒரே படத்தில் இருந்தால் புகாருக்கு வலுக் கூடும். பணம் கேட்டு மிரட்டுபவனுக்கு மட்டும் இந்த வாக்கியத்தைக்கூட அனுப்ப வேண்டாம். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

வாட்ஸ்அப்பில்

எண்ணை அழித்துவிட்டால் ஆள் போய்விட்டார் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணை அழித்தால் உங்கள் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். அவர் எப்போதும்போல் அழைக்கலாம், செய்தியும் அனுப்பலாம். உரையாடலின் மேலே உள்ள பெயரைத் தொட்டுக் கீழே உருட்டினால் பிளாக், ரிப்போர்ட் ஆகிய இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். பிளாக் செய்தபின் அவர் அனுப்பும் செய்திகளுக்கு அவர் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டுமே விழும். பின்னாளில் நீங்கள் பிளாக்கை எடுத்தாலும் இடைக்காலத்துச் செய்திகள் வந்து சேராது. நீங்கள் ஆன்லைனில் இருப்பதும், கடைசியாக வந்த நேரமும், ஸ்டேட்டஸும் அவருக்குத் தெரியாது. ஆனால் இருவரும் ஒரே குழுவில் இருந்தால் அங்கே அவர் எழுதுவது உங்களுக்கும், நீங்கள் எழுதுவது அவருக்கும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். குடியிருப்போர் குழுவிலோ பள்ளிப் பெற்றோர் குழுவிலோ தொடங்கிய தொல்லை என்றால், குழுவின் அட்மினிடம் சொல்லி அவரை நீக்கச் செய்யாதவரை பிளாக் பாதி வேலைதான். நீங்களே வெளியேற விரும்பினால் தயங்க வேண்டாம். 2022 ஆகஸ்ட்டில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஒருவர் வெளியேறுவது குழுவில் எல்லோருக்கும் அறிவிக்கப்படுவதில்லை, அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்புப் போகும்.

ரிப்போர்ட் செய்யும்போது அந்த நபர் கடைசியாக அனுப்பிய 5 செய்திகள் வரை வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகின்றன. அவருக்கு அது தெரியாது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அசிங்கமாக எழுதிவிட்டு, பிறகு "ஹாய்", "ஸாரி", "கோபமா?" என்று ஐந்தாறு செய்தி அனுப்பியிருந்தால், நிறுவனத்துக்குப் போய்ச்சேருவது அந்த அப்பாவிச் செய்திகளாகத்தான் இருக்கும். அப்படியிருந்தால் குறிப்பிட்ட செய்தியின் மீது விரலை அழுத்திப் பிடித்து, அந்தச் செய்தியையே ரிப்போர்ட் செய்யுங்கள். ரிப்போர்ட்டோடு சேர்த்து உரையாடலை அழிக்கவா என்று செயலி கேட்கும் இடத்தில் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். என் சித்தி மகள் இன்ஸ்டாகிராமில் செய்த தவற்றுக்கு இங்கேயும் இடம் இருக்கிறது.

2023-இல் வெளிநாட்டு எண்களிலிருந்து தவறிய அழைப்புகள் இந்தியாவில் குவிந்தன. +84, +62, +254 என்று தொடங்கும் எண்களைப் பலரும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் அறிமுகமான வசதி ஒன்று அமைப்புகளில், தனியுரிமைப் பகுதியில், அழைப்புகள் என்பதற்குள் இருக்கிறது. அதை இயக்கினால் முன்பின் தெரியாத எண்களின் அழைப்பு மணியடிக்காது, பட்டியலில் மட்டும் பதிவாகும். அதே தனியுரிமைப் பகுதியில் குழுக்கள் என்பதைத் திறந்து, உங்களைக் குழுவில் சேர்க்கும் உரிமையை உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். பங்குச் சந்தை ஆலோசனைக் குழு என்ற பெயரில் நடக்கும் மோசடிகளில் பெரும்பகுதி, கேட்காமலே சேர்க்கப்பட்ட குழுவில்தான் தொடங்குகிறது.

பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும்

பேஸ்புக்கில் ஒருவரைப் பிளாக் செய்தால் நட்பும் தானாக முறியும். அவர் உங்கள் பக்கத்தைப் பார்க்கவோ, உங்களை டேக் செய்யவோ, நிகழ்ச்சிகளுக்கு அழைக்கவோ முடியாது. மெஸ்ஸெஞ்சருக்குள் செய்தியையும் அழைப்பையும் மட்டும் தடுக்கும் பிளாக் வேறு. அதை மட்டும் செய்தால் உங்கள் பதிவுகள் அவர் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். எது வேண்டும் என்று பார்த்துத் தொடுங்கள். இன்ஸ்டாகிராமில் பிளாக்கைத் தொட்டதும், அந்த நபருக்கு இருக்கக்கூடிய, இனி அவர் தொடங்கக்கூடிய மற்றக் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் தேர்வு வரும். அதையே எடுக்க வேண்டும். புது மின்னஞ்சலோடும் புது எண்ணோடும் வருபவனை அது எல்லா நேரமும் பிடித்துவிடாது என்றாலும், சோம்பேறித் தொல்லைக்காரர்கள் பலர் அதிலேயே நின்றுவிடுவார்கள்.

முன்னாள் காதலர், பிரிந்த கணவர், சண்டையிட்ட அறைத்தோழி போல ஒரு காலத்தில் உங்கள் கைபேசியைத் தொடும் உரிமை இருந்தவர்களைப் பிளாக் செய்யும்போது, அதற்கு முன்பே உள்ளே பார்த்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியில் உங்களுக்குத் தெரியாத கணினி ஏதாவது இருக்கிறதா, இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் வேறு எந்தக் கருவிகளில் திறந்திருக்கின்றன, கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிய பிறகுதான் பிளாக். வாசலைப் பூட்டிவிட்டு ஆளை உள்ளேயே வைத்திருந்தால் பூட்டு எதற்கு?

எக்ஸ் தளத்தைப் பற்றி ஒரு வரி போதும். 2024 நவம்பர் முதல் அங்கே நீங்கள் பிளாக் செய்தவர்களும் உங்கள் பொதுப் பதிவுகளைப் படிக்க முடியும். பதில் எழுதத்தான் முடியாது. படிக்கவே கூடாது என்றால் கணக்கைப் பூட்டி, பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. டெலிகிராமில் உங்கள் கைபேசி எண்ணை யாரும் பார்க்காதபடி மறைத்து, குழுவில் சேர்க்கும் உரிமையைச் சுருக்கினால் பெரும்பாலான தொல்லை வாசலுக்கே வராது.

முகத்தை முறித்துக்கொள்ள முடியாதவர்கள்

எல்லோரையும் பிளாக் செய்துவிட முடியாது. கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்க்க வேண்டிய ஒன்றுவிட்ட மாமா ஒவ்வொரு படத்தின் கீழும் உடம்பைப் பற்றி ஒரு கருத்துப் போடுகிறார் என்றால், அவரைப் பிளாக் செய்த செய்தி மறுநாளே அம்மாவின் காதுக்குப் போய்விடும். இப்படிப்பட்டவர்களுக்காகவே இன்ஸ்டாகிராமில் ரெஸ்ட்ரிக்ட் என்ற வசதி 2019-இல் வந்தது. மாமா போடும் கருத்து அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். நீங்கள் ஒப்புதல் தந்தால் ஒழிய வேறு யாருக்கும் தெரியாது. அவருடைய செய்திகள் கோரிக்கைப் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் படித்தீர்களா இல்லையா என்பதும் அவருக்குத் தெரியாது. தாம் விலக்கப்பட்டதை அவர் அறியாமலே கருத்துப் போட்டுக்கொண்டிருப்பார். பேஸ்புக்கில் இதற்கு ஈடாக ரெஸ்ட்ரிக்டட் பட்டியல் உண்டு. அதில் சேர்க்கப்பட்டவர் நட்புப் பட்டியலில் இருப்பார், ஆனால் பொதுவில் வைத்த பதிவுகள் மட்டுமே அவருக்குத் தெரியும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை இன்னார் தவிர மற்றவர்களுக்கு என்று வைத்துக்கொள்வது உங்களுக்கு முன்பே பழக்கமாகியிருக்கும்.

புகாரில் எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுப்பது

"எல்லோரும் இந்த ஐ.டி.யை ரிப்போர்ட் அடியுங்கள்" என்று குழுக்களில் வலம்வரும் வேண்டுகோளால் பெரிய பயன் இல்லை. எத்தனை பேர் புகார் அளித்தார்கள் என்பதை வைத்து ஒரு கணக்கை நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமின் உதவிப் பக்கங்களே சொல்கின்றன. சரியான காரணத்தைத் தேர்ந்தெடுத்து, சரியான ஆள் அளிக்கும் ஒரு புகார் நூறு பொதுவான புகார்களைவிட வேலை செய்யும். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதையும் 'ஸ்பேம்' என்பதையும் தொட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பது வீண். மிரட்டலுக்கு மிரட்டல், ஆபாசத்துக்கு ஆபாசம், ஆள்மாறாட்டத்துக்கு ஆள்மாறாட்டம் என்று உரிய காரணத்தையே தொட வேண்டும். கணக்கு முழுவதையும் பொத்தாம்பொதுவாகக் காட்டுவதோடு நிற்காமல், விதியை மீறிய குறிப்பிட்ட பதிவையும் குறிப்பிட்ட செய்தியையும் தனித்தனியே காட்டுங்கள்.

ஆள்மாறாட்டத்தில் இது இன்னும் முக்கியம். இன்ஸ்டாகிராம் இதற்கெனத் தனிப் படிவம் வைத்திருக்கிறது. அங்கே கணக்கே இல்லாதவர்களும் அதை நிரப்பலாம். யாருடைய பெயரும் படமும் திருடப்பட்டதோ அவரோ அவருடைய சார்பாளரோதான் புகார் அளிக்க முடியும், அடையாள அட்டையின் படத்தையும் கேட்பார்கள். சித்தி மகளின் தோழிகள் இருபது பேர் ரிப்போர்ட் செய்தும் அசையாத போலிக் கணக்கு, அவளே படிவத்தை நிரப்பி அடையாள அட்டையைக் கொடுத்த மூன்றாம் நாள் காணாமல்போனது. அந்தப் போலிக் கணக்கை நீக்குவதற்கு முன் அதன் லிங்க்கை இந்த முறை எழுதி வைத்திருந்தாள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வழக்கமான புகாரில் உங்கள் பெயர் அடுத்தவருக்குத் தெரியாது. ஆனால் சீக்கிரம் நீக்குவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பதிப்புரிமை மீறல் என்று புகார் அளித்தால், உங்கள் பெயரும் தொடர்பு விவரங்களும் எதிராளிக்குப் போகலாம். ஒளிந்திருக்க விரும்புபவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

படத்தைக் காட்டிப் பணம் கேட்டால்

தெரியாத பெண் பெயரில் நட்பு, இரண்டு நாள் பேச்சு, திடீரென்று காணொளி அழைப்பு, எதிர்முனையில் ஆபாசக் காட்சி, பத்து வினாடியில் அழைப்புத் துண்டிப்பு, பிறகு உங்கள் முகத்தோடு சேர்த்து ஒட்டிய பதிவு. கூடவே உங்கள் அண்ணன், மேலாளர், மைத்துனர் பெயர்கள் கொண்ட பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் வரும். அந்தப் பட்டியல் உங்கள் நட்புப் பட்டியலிலிருந்து எடுத்ததுதான். இங்கே பணம் கொடுத்தாலும் தொல்லை முடியாது. கொடுப்பவர் என்று தெரிந்தபின் அடுத்த முறை இரட்டிப்பாகக் கேட்பான். பதிலுக்கு ஒரு சொல்கூட எழுதாமல், திட்டாமல், கெஞ்சாமல், எண்ணையும் யூ.பி.ஐ. முகவரியையும் செய்திகளையும் பதிவு செய்துகொண்டு, ரிப்போர்ட் செய்து, பிளாக் செய்யுங்கள். மறுப்பு வாக்கியம் வேண்டாம் என்று முன்னே சொன்னது இதனால்தான். எந்தப் பதிலும் நீங்கள் பயத்தோடு இருப்பதாகவே அவனுக்குப் பொருள்படும். நட்புப் பட்டியலை உங்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றிவிட்டு, நெருங்கிய ஓரிருவரிடம் நடந்ததை நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் அவனுடைய ஆயுதம் மழுங்கிப்போகும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு வேறு கணக்குகளுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

உண்மையான அந்தரங்கப் படம் வெளியாகும் என்ற அச்சம் இருந்தால், 18 வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப்-என்.சி.ஐ.ஐ. என்ற தளம் இருக்கிறது. படத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே அதன் எண்வடிவக் கைரேகை ஒன்று உருவாகி, அது மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட பங்கேற்கும் நிறுவனங்களுக்குப் போகும். பிறகு யாராவது அதே படத்தை ஏற்ற முயன்றால் அடையாளம் கண்டு தடுக்க முடியும். 18 வயது ஆகாதவர்களுக்கு இதே முறையில் இயங்கும் தளத்தின் பெயர் டேக் இட் டவுன்.

நிறுவனம் கைவிரித்தால்

'இது எங்கள் விதிகளை மீறவில்லை' என்ற பதிலோடு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். இந்தியாவில் அதற்கு மேலும் படிகள் உண்டு. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவருடைய தொடர்பு முகவரியை வெளியிட வேண்டும். பொதுவான புகார்களை 15 நாளிலும், அந்தரங்கப் படம், ஆள்மாறாட்டம், மார்பிங் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவரே கேட்டால் 24 மணி நேரத்திலும் கவனிக்க வேண்டும் என்று அந்த விதிகள் வகுக்கப்பட்டபோதே கெடு வைக்கப்பட்டது. அலுவலரின் முடிவு திருப்தி தராவிட்டால், 2023-இல் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் இணையவழியிலேயே முறையிடலாம். வழக்கறிஞர் தேவையில்லை.

குற்றம் என்று தோன்றினால் இத்தனை படிகளையும் ஏறி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசியத் தளத்தில் புகார் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில புகார்களைப் பெயர் சொல்லாமலும் பதிய முடியும், ஆனால் அப்படிப் பதிந்ததன் நிலையைப் பின்னர் அறிய இயலாது. ஆகவே முடிந்தவரை பெயரோடு பதிந்து, ஒப்புகை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66-டி, அந்தரங்க உறுப்புகளைப் படமெடுத்துப் பரப்புவதற்கு 66-இ ஆகிய பிரிவுகள் பொருந்தும். இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை. பக்கத்து வீட்டு வக்கீல் 66-ஏ என்று சொன்னால், அந்தப் பிரிவை 2015-இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளிவிட்டதை அவருக்கு மெல்ல நினைவூட்டுங்கள். வழக்கு முடியும்வரை அந்தக் கைபேசியை விற்கவோ, அழித்துப் புதிதாக்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக்கருவி கையில் இருப்பது பேருதவி.

எப்போதாவது பிளாக்கை எடுக்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பேஸ்புக்கில் எடுத்தவுடன் மனம் மாறினால் அதே நபரை மறுபடி பிளாக் செய்ய 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் உங்கள் பக்கம் அவருக்குத் திறந்திருக்கும் என்பதால், பழைய பதிவுகளை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டுப் பிறகு எடுங்கள்.